எழுத்து தெரியும் திரை
யூனிக்ஸ் வழிக் கணினியில் வரைகலை மேசைத்தளம் சேர்த்தல் குறித்து ஒரு சொற்பொழிவு

அவைத்தலைவர் அவர்களுக்கும், பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி முதலான மலையூர்களிலிருந்தும், போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தும் போடிமெட்டுக்கு வந்து இந்த அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், மாணவச் செல்வங்களுக்கும், தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினருக்கும், ஏலக்காய் வணிகர்களுக்கும் வணக்கம்.

இன்றைய பேச்சின் பொருள், முதலில் கேட்கும்போது கணினிப் பொறியாளர்களுக்கு மட்டுமே உரியதாகத் தோன்றக்கூடியது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வழி இயங்குதளம் ஏற்கெனவே நிறுவப்பட்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு மட்டும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில், சாளரங்களும் படவுருக்களும் சுட்டியும் கொண்ட வரைகலை மேசைத்தளத்தை, அதாவது மக்கள் வழக்கில் டெஸ்க்டாப் எனப்படுவதை, எவ்வாறு சேர்ப்பது என்பதே அந்தப் பொருள். இதில் தமிழருக்கு என்ன அக்கறை? மலைத்தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன பங்கு? இந்த இரு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். ஆங்கிலம் எழுதுபவருக்கு மேசைத்தளம் ஒரு வசதி. தமிழ் எழுதுபவருக்கோ அதுவே கணினிக்குள் நுழையும் வாசல்.

அந்த விடையை நிறுவுவதற்கு முன், யூனிக்ஸ் என்பது என்ன என்று தெளிவது நலம். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் கையில் பிறந்த அந்த இயங்குதளம், திரையே இல்லாமல் தட்டச்சுப் பொறியைப் போலத் தாளில் எழுத்தடிக்கும் முனையங்களோடு வளர்ந்தது. பயனர் ஒரு கட்டளையைத் தட்டுவார். இயந்திரம் ஒரு வரியில் விடை தரும். பின்னாளில் தாளின் இடத்தில் திரை வந்தபோதும் அந்த உரையாடல் முறை மாறவில்லை. இன்றைக்கும் லினக்ஸ் கணினி ஒன்றை மேசைத்தளம் இல்லாமல் நிறுவினால், பயனர் பெயரைக் கேட்கும் ஒற்றை வரியும் துடிக்கும் சிறு கோடும்தான் திரையில் நிற்கும்.

அப்படியானால் அந்தக் கணினி குறைபட்ட கணினியா? இல்லை. கோப்புகளைக் காக்கிறது, வலையமைப்போடு பேசுகிறது, பல பயனர்களுக்கு ஒரே நேரத்தில் பணி செய்கிறது. வரைகலை என்பது யூனிக்ஸ் மரபில் அடித்தளத்தோடு பிரிக்க முடியாமல் பிணைந்த ஒன்றன்று. வேண்டியவர் வேண்டியபோது மேலே எழுப்பிக்கொள்ளும் மாடி. வேறு சில இயங்குதளங்களில் வீட்டையும் மாடியையும் ஒன்றாகவே வாங்கியாக வேண்டும். யூனிக்ஸ் வழியிலோ, வீட்டை இடிக்காமல் மாடி கட்டலாம், பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்குச் சேதமில்லாமல் மாடியை இறக்கவும் செய்யலாம்.

அந்த மாடிக்கு முதல் தூண் நட்டது எக்ஸ் சாளர முறைமை. 1984 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், அதீனா என்ற கல்வித் திட்டத்தின் சூழலில், பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் அதை உருவாக்கினர். 1987 செப்டம்பரில் வெளிவந்த அதன் 11ஆம் பதிப்பின் விதிமுறையே இன்றளவும் வழக்கில் இருப்பதால் அது எக்ஸ்11 என்றே அழைக்கப்படுகிறது. அதன் அமைப்பில் புதிதாகப் படிப்பவரைத் திகைக்கவைக்கும் ஒரு புதுமை உண்டு. வழக்கமாக எங்கோ தொலைவில் இருக்கும் பெரிய கணினியைத்தான் வழங்கி என்பார்கள். எக்ஸ் முறைமையிலோ பயனரின் கண்முன் இருக்கும் திரையையும் விசைப்பலகையையும் சுட்டியையும் ஆள்கிற நிரலே வழங்கி. அதனிடம் படம் வரைந்து தரும்படி கேட்கிற செயலிகளே பயனிகள். ஆகவே செயலி போடியில் உள்ள கணினியில் ஓட, அதன் சாளரம் மூணாறில் உள்ள திரையில் விரியலாம். அந்த ஏற்பாட்டை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்தார்கள் என்பது வியப்புக்குரியது. 2008 இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட் என்ற புதிய விதிமுறை, எக்ஸின் பழஞ்சுமைகளை இறக்கிவைத்துவிட்டு அதன் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துவருகிறது.

தூண் மட்டும் மாடியாகிவிடுமா? சாளரங்களை நகர்த்தவும் அடுக்கவும் மூடவும் ஒரு சாளர மேலாளர் வேண்டும். பட்டிகள், கோப்பு உலாவி, அமைப்புகள் ஆகியவற்றை ஒரே முகத்தோடு தரும் மேசைச் சூழல் வேண்டும். பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் அழகிய திரையில் கேட்டு உள்ளே விடும் நுழைவு மேலாளர் வேண்டும். 1996 இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கிய கேடிஇ, 1997 இல் மிகெல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மெனாவும் தொடங்கிய க்னோம், ஒலிவியே ஃபூர்தான் தொடங்கி எளிய கணினிகளுக்கும் பொருந்தி நிற்கும் எக்ஸ்எஃப்சிஇ ஆகியவை அத்தகைய மேசைச் சூழல்கள்.

இனி இந்தப் பேச்சின் நடுப்பொருளுக்கு வரலாம். தமிழுக்கும் மேசைத்தளத்துக்கும் என்ன உறவு?

இந்த ஊர்ப் பெயரின் முற்பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். போடி. தமிழ்க் குழந்தையைக் கேட்டால் இதில் இரண்டு எழுத்து என்று சொல்லும். யூனிகோடு எனப்படும் ஒருங்குறி முறையிலோ இது நான்கு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: பகர மெய்யோடு அகரம் சேர்ந்த ப, ஓகாரக் குறி, டகரத்தில் அகரம் சேர்ந்த ட, இகரக் குறி. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு தேவைப்படுவதால், இந்த இரண்டெழுத்துப் பெயர் 12 பைட்டுகளாக வட்டில் கிடக்கிறது. சேமிப்பில் சிக்கல் ஏதும் இல்லை. காட்டும்போதுதான் சிக்கல். ஓகாரக் குறி சேமிப்பில் பகரத்துக்குப் பின்னால் வருகிறது. திரையிலோ அது இரண்டாகப் பிளந்து, இரட்டைக் கொம்பாகப் பகரத்துக்கு முன்னால் ஒரு பாதியும், காலாகப் பின்னால் ஒரு பாதியும் நிற்க வேண்டும். இகரக் குறியோ தனியே நில்லாமல் டகரத்தோடு ஒட்டி, அதன் வடிவத்தையே மாற்றி, டி என்ற ஒரே உருவாக வேண்டும்.

லினக்ஸின் கறுப்பு முனையம் இதைச் செய்யுமா? அந்த முனையம் திரையை ஒரே அளவான கட்டங்களாக வகுத்துக்கொள்கிறது. ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்பதே அதன் விதி. அதன் எழுத்துருவில் 256 அல்லது 512 வடிவங்களுக்கு மட்டுமே இடம் உண்டு. தமிழ் எழுத்துகள் 247 தானே, 512 இல் அடங்கிவிடுமே என்று கேட்பவர் உண்டு. எண்ணிக்கை போதும், முறைதான் போதாது. குறியைப் பிளக்கவும், முன்னும் பின்னும் வைக்கவும், இரண்டு குறிகளை ஓர் உருவாக்கவும், அகலம் கூடிய ‘ணை’க்கும் ஒடுங்கிய ‘ர’வுக்கும் அவற்றுக்குரிய இடத்தை அளிக்கவும் அந்தக் கட்டங்களுக்குத் தெரியாது. ஆகவே அங்கே ‘போடி’ என்று எழுதினால், படிக்க இயலாத நான்கு கட்டங்களே தெரியும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் ஒருவர் அந்தக் கறுப்புத் திரையிலேயே வாழ்நாளைக் கழித்துவிட முடியும்; தமிழில் ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுத வேண்டியவர் அங்கே ஒரு வரியைக்கூடக் கண்ணால் காண முடியாது.

மேசைத்தளம் இதை எப்படித் தீர்க்கிறது? அது கட்டங்களை அல்ல, புள்ளிகளை ஆள்கிறது. எந்த வடிவத்தையும் எந்த இடத்திலும் வரைகிறது. ஆனாலும் மேசைத்தளம் பிறந்த நாளிலேயே தமிழ் அதில் வந்து அமர்ந்துவிடவில்லை. தொடக்க கால எக்ஸ் முறைமையும் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்ததே தவிர, அவற்றைக் கோக்கவில்லை. அதனால்தான் தமிழர் முதலில் எட்டுத் துணுக்கு (பிட்) குறியாக்கங்களை நாடி, திரையில் தோன்றும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்தனர். உலகெங்கும் பரவிய தமிழ் ஆர்வலர்கள் இணையத்தில் கூடி வகுத்த தஸ்கி அத்தகையது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டின் வழியாகத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு தரப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், எழுத்துகளைக் கோத்து வரிவடிவம் தரும் பாங்கோ என்ற நிரலகம் உருவானது; 2002 இல் வெளிவந்த ஜிடிகே 2 கருவித்தொகுதியும் க்னோம் 2 மேசைச் சூழலும் அதைத் தம் அடிப்படையாக ஏற்றன. குறிகளைப் பிளந்தும் இணைத்தும் சரியான உருவைத் தேர்ந்தும் தரும் அந்த நுண்பணியை இன்று ஹார்ஃப்பஸ் என்ற பொறி செய்கிறது. லினக்ஸ் மேசைத்தளத்தில் மட்டுமல்ல, பலரின் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ‘போடி’யைச் சரியாக எழுதிக் காட்டுவது அதே பொறிதான்.

அவையோரே, இங்கே ஓர் உண்மையை ஊன்றி நோக்க வேண்டும். இந்தப் பணிகளின் மூலநிரல் திறந்து கிடந்தது. அதனால்தான் பல மொழிக்காரரும் தத்தம் எழுத்து வருமாறு அதைத் திருத்த முடிந்தது. கேடிஇயின் பட்டிகளையும் க்னோமின் பட்டிகளையும் தமிழாக்கியவர்கள், தமிழகத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள். எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்காமல் தம் மொழியைத் தாமே திரையில் ஏற்றினார்கள்.

கேரள எல்லையில் நிற்கும் இந்த மலைக்கும் இந்த வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு சிறியதன்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதே 2001 இல் கேரள அரசு ஐடி அட் ஸ்கூல் என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அத்திட்டம் முழுவதுமாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017 இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. கைட் பள்ளிகளுக்கென வெளியிட்ட குனு/லினக்ஸ் 18.04, 22.04 ஆகிய பதிப்புகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டவை. அந்த எண்கள் 2018 ஏப்ரலையும் 2022 ஏப்ரலையும் குறிப்பவை. வடிவியல் கற்பிக்கும் ஜியோஜீப்ரா, படம் திருத்தும் கிம்ப், ஆவணம் எழுதும் லிப்ரேஆபிஸ் முதலிய செயலிகளோடு பள்ளி ஆய்வகத்துக்குப் போகும் அந்த இயங்குதளம், இப்பேச்சு விளக்கிய அடுக்குகளையெல்லாம் ஒரே வட்டில் முன்கூட்டியே அடுக்கித் தருவது.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும், பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர்ப் பகுதியிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலும் தமிழிலேயே உண்டு. பாடநூல் தமிழில் இருக்க, ஆய்வகத்துத் திரை மட்டும் வேற்றுமொழியில் இருப்பது தகுமா? தகாது. தகாது என்பதோடு, அவ்வாறு இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

அப்படியானால் செய்முறை என்ன? ஏலக்காய்த் தோட்ட அலுவலகம் ஒன்றில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் பணிக்கு மட்டும் டெபியன் லினக்ஸ் நிறுவப்பட்ட பழைய கணினி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதே கணினியில் கூலிப் பதிவேட்டையும் எடைக் கணக்கையும் தமிழில் எழுத வேண்டிய தேவை வருகிறது. இயங்குதளத்தை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா? வேண்டியதில்லை. இருப்பதன் மேல் சேர்த்தாலே போதும்.

முதலில் அளவு பார்க்க வேண்டும். டெபியனின் நிறுவல் கையேடு, மேசைத்தளத்துக்குக் குறைந்தது ஒரு ஜிபி நினைவகமும் 10 ஜிபி வட்டிடமும் கேட்கிறது. இரண்டு ஜிபி நினைவகம் இருப்பது நல்லது என்கிறது. நினைவகம் குறைந்த கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான சூழலே பொருந்தும். இரண்டாவதாக, ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கு வேறொரு வட்டில் நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்காமல் தொடங்குவது, தடுப்புச்சுவர் இல்லாத வளைவில் இரவில் வண்டி ஓட்டுவதற்கு ஒப்பாகும். மூன்றாவதாக, ஆப்ட் என்ற தொகுப்பு மேலாளரைக் கொண்டு தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். தொகுப்பு என்பது ஒரு செயலியும் அதற்குத் தேவையான கோப்புகளும் ஒன்றாகக் கட்டப்பட்ட மூட்டை. நான்காவதாக, டாஸ்க்செல் என்ற நிரலை இயக்கினால் மேசைச் சூழல்களின் பட்டியல் தோன்றும். அதில் ஒன்றைக் குறித்துவிட்டால், எக்ஸ் முதல் நுழைவு மேலாளர் வரை எல்லா அடுக்குகளும் தாமே இறங்கி அமர்ந்துகொள்ளும்.

ஐந்தாவது படிதான் தமிழருக்கு உரிய படி. பல வழிகாட்டிகள் சொல்லாமல் விட்டுவிடும் படியும் அதுவே. தமிழ் எழுத்துருக்களுக்கான தொகுப்பைச் சேர்க்க வேண்டும். லோஹித், நோட்டோ ஆகிய எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. லோகேல் எனப்படும் வட்டார அமைப்பில் இந்தியத் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையை நிறுவித் தமிழ்99 விசைப்பலகையை அதில் சேர்க்க வேண்டும். இம்மூன்றில் எழுத்துரு இல்லையேல் படிக்க முடியாது. உள்ளீட்டு முறை இல்லையேல் எழுத முடியாது. வட்டார அமைப்பு இல்லையேல் பட்டிகள் தமிழில் பேசமாட்டா.

ஃப்ரீபிஎஸ்டி முதலிய பிஎஸ்டி குடும்பத்தில் நெறி ஒன்றே, வழி சற்று வேறு. அங்கே அடிப்படை இயங்குதளம் ஓரிடத்திலும், சேர்க்கப்படும் தொகுப்புகள் வேறோர் அடைவிலும் பிரிந்தே இருக்கின்றன. எக்ஸ் தொகுப்பையும் மேசைச் சூழலையும் நிறுவிய பின், கணினியின் வரைகலைச் சில்லுக்குரிய இயக்கியைத் தனியே சேர்த்து, பயனரை வீடியோ என்ற குழுவில் இணைத்து, செயலிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் டிபஸ் சேவையைத் தொடக்கக் கோப்பில் இயக்கிவைக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் கையால் தொட்டு அமைப்பதால், எது எதன்மேல் நிற்கிறது என்பதை மாணவர் மறக்கவே மாட்டார்.

சேர்த்தபின் திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் அஞ்ச வேண்டுமா? அஞ்ச வேண்டியதில்லை, அடித்தளம் அப்படியேதான் இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்3 போன்ற செயல்விசை ஒன்றை அழுத்தினால் பழைய முனையம் பெரும்பாலும் வந்து நிற்கும். எக்ஸ் தன் ஓட்டத்தைக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து, ‘EE’ என்று குறியிட்ட வரிகளைத் தேடினால், பிழை எந்த அடுக்கில் என்பது தெரியவரும். பெரும்பாலும் வரைகலைச் சில்லுக்கான நிலைபொருள் (ஃபர்ம்வேர்) விடுபட்டிருக்கும். வலையமைப்பு மேலாளரின் சின்னம் மேசைத்தளத்தில் இருந்தும் கம்பி இணைப்பைத் தன் ஆளுகையில் காட்டாவிட்டால், பழைய அமைப்புக் கோப்பில் அந்த இணைப்பு முன்பே எழுதப்பட்டிருப்பதே காரணம். இரண்டு நுழைவு மேலாளர்களை நிறுவினால் எது முதன்மை என்று டெபியன் கேட்கும். ஒன்றை மட்டும் தேர்வது நலம். ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக மேசைத்தளத்தில் நுழைவதோ எப்போதும் தவறு; ஒரு சிறு செயலியின் பிழையும் முழுக் கணினியையும் கெடுக்க அங்கே வழி திறந்துவிடுகிறது.

எல்லாக் கணினிக்கும் மேசைத்தளம் வேண்டுமா என்றால், வேண்டாம். திரையே இணைக்கப்படாமல் வலைத்தளம் வழங்கும் கணினிக்கு அது வீண்சுமை. ஒவ்வொரு கூடுதல் நிரலும் தாக்குபவருக்குக் கூடுதல் கதவாகும். மனிதர் முன்னால் அமரும் கணினிக்கே அது தேவை. தமிழர் முன்னால் அமர்ந்தால் அது இன்றியமையாதது. மேசைத்தளத்துக்குள் திறக்கும் முனையச் சாளரங்களிலும் பல இன்னும் பழைய கட்டக் கணக்கையே நம்புவதால், அங்கே தமிழ் இன்றும் இடறுகிறது. செய்து முடிக்கப்படாத பணி அது. இந்த அவையில் அமர்ந்திருக்கும் மாணவர் எவரும் மூலநிரலைத் திறந்து கைவைக்கக்கூடிய பணியும் அதுவே.

போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஏலக்காய் இன்று கணினித் திரையின் முன்தான் மின்னேலத்தில் விலைபோகிறது. காய் பறிக்கும் கையின் பிள்ளைகள் அந்தத் திரையை அறிந்தவராக வளர வேண்டும். அறிவது தம் மொழியிலேயே நிகழ வேண்டும். ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு இந்த அவையின் வழியே ஒரு வேண்டுகோள். நாளை பள்ளி ஆய்வகத்தைத் திறக்கும்போது, ஒரே ஒரு கணினியிலாவது நுழைவுத் திரையில் தமிழைத் தேர்ந்து, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, ஒரு மாணவியை அழைத்துத் தன் ஊரின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்ல வேண்டும். பட்டியில் பிழையான தமிழ்ச்சொல் கண்ணில் பட்டால் அதைக் குறித்துவைத்து, மொழிபெயர்ப்பாளர் குழுவுக்கு எழுதச் சொல்ல வேண்டும். அடித்தளம் ஆயத்தமாக இருக்கிறது. தொகுப்புகள் கட்டணமின்றிக் காத்திருக்கின்றன. எஞ்சியிருப்பது அதைத் தமிழில் திறந்துவைக்கும் கை மட்டுமே.